சீம்பால் கணக்கு

வால்டோரில் மழை விட்டபோது மணி நான்கு.
பரண் கொட்டகையின் பலகை இடுக்கு வழியே
புழுக்கை உதிரும் சத்தம் கீழே.
ஐஸ் பெட்டி, சிவப்பு மூடிக் குழாய்கள் முப்பது,
எனக்கே புரியாத என் கையெழுத்தில் ஒரு பட்டியல்.
அரசாங்கச் சம்பளத்துக்கு நான் செய்வது இதுதான்:
பிறந்து ஒரு நாளான குட்டிகளின் கழுத்தில்
மயிரை ஒதுக்கி, நரம்பைத் தடவி
இரண்டு மில்லி ரத்தம் கேட்பது.

கத்தும். ஆனால் கொடுத்துவிடும்.

மனிதப் பிள்ளை, வயிற்றுக்குள் இருக்கும்போதே
தாயின் ரத்தத்திலிருந்து கொஞ்சம் காவலை வாங்கிக்கொள்கிறது.
செம்மறியின் நஞ்சுக்கொடி கறாரானது.
சர்க்கரை தரும், உப்புத் தரும், மூச்சும் தரும்,
எதிர்ப்பொருளை மட்டும் தராது.
ஐந்து மாதம் உள்ளே கிடந்தும்
வெறுங்கையோடுதான் விழுகிறது பலகைமேல்.
பிறகு சீம்பால்.
மஞ்சளாய், பிசுபிசுப்பாய்,
தாய் பட்ட காய்ச்சலையெல்லாம் கரைத்து வைத்ததுபோல.

குடலின் கதவு முதல் சில மணிநேரம் அகலத் திறந்திருக்கும்.
அப்புறம் ஒருக்களிக்கும்.
ஒரு நாளுக்குள் சாத்திக்கொள்ளும்.
பட்டர்வொர்த்தில் கடைசி ஃபெரியை விட்டவனுக்குப்
பாலம் இருக்கிறது, சுற்றிக்கொண்டு போகலாம்.
குட்டிக்குப் பாலம் இல்லை.

நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் இரட்டை.
மூத்தது நேராய்க் காம்புக்குப் போனது.
இளையது தாயின் முன்னங்காலில் பால் தேடிக்கொண்டிருந்தது,
வழி தெரிந்தபோது விடிந்துவிட்டது.
அந்த இரவு பண்ணைக்காரர் இருதயராஜ்
ஜூரு டோலில், கவிழ்ந்த லாரிக்குப் பின்னால்.
வேலையாள் லோக் பகதூர் காய்ச்சலில், போர்வைக்குள்.
யார் மேலும் குற்றம் இல்லை. அதுதான் கஷ்டம்.

நான் ஊசியை உருவும்போது லோக் எழுந்து வந்தான்,
கையில் கச்சாங் ஐஸ்கிரீம் டப்பா.
வேறொரு தாயின் சீம்பால், உறைந்தது,
சுடுநீரில் வைத்து இளக்கிக்கொண்டிருந்தான்.
கதவு சாத்தியாச்சு என்று மலாயில் சொன்னேன்.
"தாவு, காக்" என்றான். தெரியுமாம்.
புட்டியைச் சாய்த்தபடியே இருந்தான்.

ஆய்வகத்தில் எண்கள் வந்தன.
நாற்பத்தொன்றுக்கு லிட்டருக்கு இருபத்தேழு கிராம்.
நாற்பத்திரண்டுக்கு நான்கு.
மெஷினின் மனதை மாற்ற முடியும்போல மறுபடி ஓட்டினேன்.
நான்கு.

"பாஸா பெயிலா, தங்கச்சி?"
"அப்படி இல்லண்ணே. ரிஸ்க் கூடுதல்."
"ரிஸ்க்குன்னா? செத்துருமா, இருக்குமா?"
எனக்குத் தெரிந்த பதில் நூறு குட்டிகளுக்கானது.
அவர் கேட்டது ஒன்றுக்கு.

இரண்டு மாதம் போனது.
அறுபது குட்டிகள். பத்துக்குக் கீழே நின்றவை பதினேழு,
அதில் ஏழு இல்லை. சளிக்கு நான்கு, கழிச்சலுக்கு மூன்று.
மேலே நின்ற நாற்பத்து மூன்றில் போனவை இரண்டு.
ஒன்று நாற்பத்தொன்று.
வேலி இடுக்கில் நுழைந்த நாய்.
இருபத்தேழு கிராமும் நாயைப் பற்றி ஒன்றும் அறிந்திருக்கவில்லை.

நாற்பத்திரண்டு இருக்கிறது.
அற்புதம் என்று எழுதினால் டாக்டர் நோர்ஹயாத்தி
சிவப்புப் பேனாவை எடுப்பார், எடுக்கவும் வேண்டும்.
பிழைத்த பத்தில் அது ஒன்று.
அட்டவணையில் அதற்கென்று தனி வரி கிடையாது.
லோக்கின் டப்பாவுக்கும் கட்டம் கிடையாது.

நேற்று எடை போட்டோம். பதினொன்றரைக் கிலோ.
கழுத்தில் கை வைத்தேன், கத்தவில்லை.
என் சட்டையை இழுத்து மெல்லத் தொடங்கியது.
படிவத்தின் ஓரத்தில், குறிப்புக்கென்று விட்ட இடத்தில்
எழுதினேன்:
பொத்தான் ஒன்று குறைவு.